பழுதுபார்த்தால் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தவருக்கு எஞ்சின் புதுமையான பொருளன்று. துலா மிதித்து நீரிறைத்த தோட்டங்களில் மண்ணெண்ணெய் மெஷின்கள் வந்து இறங்கிய காலந்தொட்டு, அச்சுவேலி, இடைக்காடு, புத்தூர்ச் செம்மண்ணிலே பயிர் செய்யும் கமக்காரர் ஒவ்வொருவரும் பாதி மெக்கானிக்காகவே வாழ்ந்து வந்திருக்கின்றனர். 1990ஆம் ஆண்டிலே பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் குடாநாட்டுக்குள் நுழையாமற் போனபோது, இரண்டு சொட்டுப் பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின் காரையும் ஓட்டினோம். மின்சாரமற்ற இரவுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். இந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால் பேச்சு எளிதில் ஓயாது. ஓயவேண்டிய அவசியமுமில்லை. அது உழைக்கும் மக்களின் அறிவு. முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு சமுதாயம் தன் மூச்சைக் காத்துக்கொண்ட வரலாறு.

ஆயினும் அந்தப் பெருமைக்குள்ளே ஒரு மயக்கமும் ஒளிந்து கிடக்கிறது. கெட்டுப்போனதைத் திருத்தி ஓடவைப்பது ஒரு வகை அறிவு. புதிதாக ஒன்றைச் செய்து, அது எந்த நிலையில் ஓடும், எந்த நிலையில் நின்றுவிடும், ஏன் நிற்கும் என்று அளந்து அறிவது வேறொரு வகை அறிவு. முதலாவதைச் சாதித்துவிட்டு இரண்டாவதையும் சாதித்துவிட்டதாக எண்ணி இறுமாந்திருப்பது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயன்று. இத்துணைக்கண்டம் முழுவதையும் பீடித்த நோய். இதனை விளக்க, பலரும் வியப்புக்கதையாகச் சொல்லும் ஒரு செய்தியை நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், குண்டு சுமந்த விமானங்கள் என்ன கதிக்கு உள்ளாயின என்பதே அச்செய்தி.

ஜெட் எஞ்சின் பிறந்த புதிதில் விஞ்ஞானிகளை ஒரு சங்கடம் எதிர்கொண்டது. தரையிலே மேடை கட்டி, எஞ்சினை இறுகப் பிணைத்து ஓட்டிப் பார்க்கலாம். அங்கே அது சீராக ஓடும். ஆனால் அது வேலை செய்யவேண்டிய இடம் தரையன்று. நம் தோட்டத்திலே கணீரென்று ஓடிய லொறி நுவரெலியா ஏற்றத்திலே மூச்சுவாங்குவதை நாம் கண்டிருக்கிறோம். பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்திலோ காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் ஐந்திலொரு பங்களவே. குளிர் உறைநிலைக்கும் ஐம்பது பாகைக்கு மேற்பட்டுக் கீழே போய்விடும். அந்த மெல்லிய காற்றில் எஞ்சினுக்குள் எரியும் சுவாலை அணையுமா, அணைந்தால் ஆகாயத்திலேயே மீண்டும் மூட்டமுடியுமா, உள்ளே புகும் காற்று தடுமாறினால் சுழல்தகடுகள் என்ன பாடுபடும் என்பவற்றையெல்லாம் அங்கே கொண்டுபோய்த்தான் அறியவேண்டும். புதிய எஞ்சினைப் புதிய விமானத்தில் பூட்டி நேரே பறக்கவிட்டால், பிழை எஞ்சினிலா விமானத்திலா என்று தெரியுமுன் விமானி இறந்துபோவான்.

இதற்குக் கண்ட வழிதான் பறக்கும் பரிசோதனைக்கூடம். நன்கு பழகிய பழைய விமானம் ஒன்றை எடுத்து, அதன் சொந்த எஞ்சின்களால் அதனைப் பறக்கவிட்டு, புதிய எஞ்சினை ஒரு விருந்தாளிபோல் சுமந்து செல்லச் செய்வது. விருந்தாளி வழியில் மயங்கி விழுந்தாலும் வீட்டுக்காரர் பத்திரமாகத் திரும்பிவிடலாம். இதற்குக் குண்டுவீச்சு விமானத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. பல எஞ்சின்கள் அதற்கு உண்டு. உயரவும் நெடுநேரம் பறக்கவும் அதனால் முடியும். பல தொன் எடையைச் சுமக்கவென்றே அதன் உடல் கட்டப்பட்டது. குண்டு வைக்கும் அறை விமானத்தின் எடை சமப்படும் நடுவிடத்திலேயே அமைந்திருப்பதால், அங்கே எஞ்சினைத் தொங்கவிட்டாலும் விமானம் தலைகுப்புறச் சாயாது. உள்ளே கருவிகளை அடுக்கி, பொறியியலாளர் இருந்து அளவெடுக்க இடமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, யுத்தம் முடிந்ததும் அவை நூற்றுக்கணக்கில் வேலையற்றுக் கிடந்தன.

பிரித்தானியர் யுத்தம் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. 1942இலேயே வெலிங்டன் குண்டுவீச்சு விமானமொன்றின் வாலிலே விட்டில் கண்ட ஜெட் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டனர். அடுத்த ஆண்டில் லங்காஸ்டர் ஒன்றின் வாலில் மெட்ரோவிக் எஞ்சின் ஏறியது. அமெரிக்கர் தம் பி-17, பி-29 விமானங்களையும், சோவியத் நாட்டார் டுப்பொலெவ்-4, டுப்பொலெவ்-16, டுப்பொலெவ்-95 விமானங்களையும் இவ்வாறே மாற்றினர். பிரான்சு, அமெரிக்க மரோடர் விமானமொன்றைக் கொண்டு தன் ஆத்தார் எஞ்சினைச் சோதித்தது. கனடா, யுத்தகாலத்தில் தானே கட்டிய லங்காஸ்டர் ஒன்றின் வெளிப்புற எஞ்சின் இரண்டையும் கழற்றிவிட்டு, 1950 ஜூலையில் தன் சொந்த ஒரெண்டா எஞ்சின்களை அங்கே பொருத்திப் பறக்கவிட்டது.

இக்கதையைக் கேட்டதும் உருகிப்போகும் அன்பர்கள் உண்டு. "பார்த்தீர்களா! வேதப் புத்தகத்தில் பட்டயம் மண்வெட்டியாவதுபோல், கொல்வதற்குப் பிறந்த விமானம் விஞ்ஞானத்தின் ஊழியனாகிவிட்டதே!" என்று அவர்கள் நெகிழ்வர். இந்த நெகிழ்ச்சியை நாம் ஏற்கவில்லை. 1966 செப்டெம்பரில் கொன்கோர்ட் பயணி விமானத்துக்கான ஒலிம்பஸ் எஞ்சினை வயிற்றின் கீழே சுமந்து பறந்தது வல்கன் விமானம் ஒன்று. அந்நாளிலேயே அதன் உடன்பிறந்த வல்கன்கள் அணுகுண்டுக்கென்று ஆயத்தமாய் நின்றன. 1968இலே ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747இன் எஞ்சினைச் சோதிக்க அமெரிக்கர் தேர்ந்தது பி-52. அதன் வலப்புறத்து உள் எஞ்சின் இரண்டைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒற்றைப் புதிய எஞ்சினைத் தொங்கவிட்டனர். அதே 1968இல் அதே பி-52 வகை விமானங்கள் வியட்நாமிய விவசாயிகளின் வயல்களைக் குழிகுழியாக்கிக் கொண்டிருந்தன. பின்னாளில் நம் இளைஞரும் தாய்மாரும் அகதிகளாய் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஏறிச் சென்ற ஜம்போவின் எஞ்சின், முதலில் உயரக் காற்றைச் சுவாசித்தது அந்த இறக்கையிலேதான்.

ஆகவே பட்டயம் மண்வெட்டி ஆகவில்லை. ஏகாதிபத்தியத்தின் ஒரு கை குண்டு போட்டது. மறு கை அளவெடுத்தது. அவ்விரு கைகளுள் நாம் அஞ்சவேண்டியது முதலாவதை, கற்கவேண்டியது இரண்டாவதிடம். நம்மவரோ முதலாவதைக் கண்டு மலைத்தார்கள், இரண்டாவதைக் கவனிக்கவேயில்லை.

இனி இந்தியாவின் கதைக்கு வருவோம்.

யுத்தத்தின் பிற்பகுதியிலே, அச்சுவேலிக்கு வடமேற்கே பலாலியில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த ஓடுபாதையிலிருந்து, லிபரேட்டர் எனப்படும் நான்கு எஞ்சின் விமானங்கள் வங்காள விரிகுடாவைக் காவல்செய்யப் பறந்தன. அந்நாளைய படைக் குறிப்புகள் அத்தளத்தைக் காங்கேசன்துறை என்று வழங்கும். அமெரிக்காவில் கட்டப்பட்டுக் கடனுதவியாகப் பிரித்தானியருக்கு வழங்கப்பட்டவை அவ்விமானங்கள். யுத்தம் முடிந்ததும் உடன்படிக்கையின்படி அவற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அழிக்கவேண்டும். இந்தியாவில் எஞ்சிய லிபரேட்டர்களை வெள்ளையர் கான்பூரிலே குவித்து, மீண்டும் எவருக்கும் பயன்படாதபடி சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். சுதந்திரம் பெற்ற இந்தியாவுக்குக் கனரக விமானங்கள் தேவைப்பட்டன, வாங்கப் பணமில்லை. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்த்து, இவை தேறா என்று கைவிரித்தனர். பெங்களூரிலிருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளரோ, தேறும் என்றனர். ஒரு விமானத்தின் உறுப்பை இன்னொன்றுக்குப் பூட்டி, கான்பூரிலே பறக்கும் அளவுக்கு ஒப்பேற்றினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி உயிரைப் பணயம் வைத்து அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே அவை முற்றாகப் புதுப்பிக்கப்பட்டன. 1948 நவம்பரிலே அவற்றைக் கொண்டு இந்திய விமானப் படையின் ஐந்தாம் பிரிவு அமைந்தது. மொத்தம் நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் இவ்வாறு உயிர்பெற்றன.

இது மகத்தான சாதனை, ஐயமில்லை. எசமான் உடைத்துப்போட்டதைத் தொழிலாளி ஒட்டவைத்த கதை இது. எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. ஆனால் கதை சொல்வோர் எல்லோரும் இந்த இடத்திலே கைதட்டி நிறுத்திவிடுகின்றனர். நாமோ இந்த இடத்திலிருந்துதான் கேள்வியைத் தொடங்குகிறோம்.

உயிர்பெற்ற லிபரேட்டர்கள் என்ன வேலை செய்தன? குண்டுவீச்சு விமானமாயிருந்தவை மீண்டும் குண்டுவீச்சு விமானங்களாயின. பின்னர் கடற்காவலுக்குப் போயின. 1968இன் இறுதிவரை, இருபது ஆண்டுகள், உலகிலே மற்றெல்லோரும் கைவிட்ட பின்னும் அவை பறந்தன. ஓய்வுபெற்றதும் ஒன்று டில்லிப் பாலம் விமான நூதனசாலைக்குப் போயிற்று. சிலவற்றைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் தத்தம் காட்சிசாலைகளுக்காகக் கேட்டு வாங்கிச் சென்றன. ஜெட் எஞ்சினைச் சுமந்து அளவெடுக்கும் பரிசோதனைக்கூடமாக அவற்றுள் ஒன்றேனும் தன் முத்திரையைப் பதிக்கவில்லை. கனடாவிடம் லங்காஸ்டர் இருந்தது. இந்தியாவிடம் லிபரேட்டர் இருந்தது. கனடா எஞ்சினைத் தொங்கவிட்டது. இந்தியா குண்டைத் தொங்கவிட்டது.

கைத்திறன் போதவில்லையா? இல்லை. 1960களில் லடாக்கின் உயர்ந்த விமானத் தளங்களுக்குப் பண்டம் ஏற்றிச் சென்ற பக்கெற் என்ற அமெரிக்கச் சரக்கு விமானங்களின் முதுகிலே, பெங்களூரில் உற்பத்தியான ஓர்பியஸ் ஜெட் எஞ்சினைக் கூடுதலாக ஏற்றிப் பறக்கவிட்டவர்கள் இதே இந்தியர்கள்தாம். பழைய விமானத்தில் ஜெட் எஞ்சினைப் பொருத்தும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அந்த எஞ்சினை அவர்கள் ஏற்றியது வண்டியை மேட்டில் தள்ளுவதற்காக. எஞ்சினை அறிவதற்காக அன்று.

"அக்காலத்தில் இந்தியாவிடம் சோதிப்பதற்குச் சொந்த எஞ்சின் எங்கே இருந்தது?" என்று கேட்பர் சிலர். நியாயம்போல் தோன்றும் இக்கேள்விக்கு விடை சுவீடனிலே கிடைக்கிறது. சுவீடன் 1951இலே ஒரு பழைய லங்காஸ்டரை விலைக்கு வாங்கி, டோவெர்ன் என்ற தன் சொந்த எஞ்சினை அதன் வயிற்றிலே சோதித்தது. மறு ஆண்டிலேயே டோவெர்னைக் கைவிட்டு, பிரித்தானிய எஞ்சினை எடுப்பதென்று தீர்மானித்தது. நம்மவராயிருந்தால் லங்காஸ்டரையும் அன்றே காயலான் கடைக்கு அனுப்பியிருப்பர். சுவீடர் அனுப்பவில்லை. வாங்கிய எஞ்சினுக்குத் தாமே வகுத்த பின்னெரிப்பானைப் பொருத்தி அதனைக்கொண்டே சோதித்தனர். எஞ்சினின் வாற்குழாயிலே மீண்டும் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் சாதனமே பின்னெரிப்பான். 1956இலே அந்த விமானம் விபத்தில் அழிந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஆனால் பின்னெரிப்பான் அறிவு அழியவில்லை. அதற்குப் பின் சுவீடன் எந்த நாட்டு எஞ்சினை வாங்கினாலும் அதனைத் தன் கையால் மாற்றித் தனதாக்கிக்கொண்டது.

இந்தியாவுக்குத் தட்டுப்பட்டதோ அதே பின்னெரிப்பான்தான். ஜெர்மானியரான கேர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரிலே உருவான மாரூத் ஜெட் விமானம் 1961 ஜூன் 17இலே முதன்முதல் பறந்தது. ஒலியின் வேகத்தை விஞ்சவென்று வரையப்பட்ட உடல் அது. அதற்கென நினைத்திருந்த வலிய ஓர்பியஸ் எஞ்சினை முடித்துத்தரப் பிரித்தானியர் பணம் கேட்டனர், டில்லி கொடுக்கவில்லை. வலுக்குறைந்த பழைய ஓர்பியஸையே பூட்டினார்கள். பின்னர் எகிப்திலே உருவாகிவந்த எஞ்சினை நம்பி, ஒரு மாரூத்தை ஹெல்வானுக்கு அனுப்பி, 1967 மார்ச்சிலே அங்கே பறக்கவிட்டனர். 1969இலே எகிப்தியத் திட்டமும் மடிந்தது. இதற்கிடையே பெங்களூரில் ஓர்பியஸுக்கு ஒரு பின்னெரிப்பானைத் தாமே செய்தனர். அதைச் சுமந்து பறந்தது எது? பழகிய, பத்திரமான, பல எஞ்சின் கொண்ட பழைய விமானமன்று. மாரூத்தின் மாதிரி விமானமே. 1970 ஜனவரி 10ஆம் நாள் அது விழுந்து நொறுங்கியது. நாட்டின் தலைசிறந்த சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் மாண்டார். அவ்விபத்துக்கு எஞ்சினே காரணமென்று நாம் சாதிக்க வரவில்லை. புதிய உடலையும் புதிய எஞ்சினையும் ஒரே மனிதனின் உயிரில் வைத்துச் சோதிக்கும் முறையையே நாம் கண்டிக்கிறோம்.

காலத்தைக் கூர்ந்து நோக்குங்கள். இந்திய அரசாங்கம் காஸ் டர்பைன் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையத்தை 1959இல் தொடங்கிற்று. எங்கே? லிபரேட்டர்கள் குவிந்து கிடந்த அதே கான்பூரிலே. 1961இல் அது பெங்களூருக்குப் போயிற்று. அவ்விமானங்கள் உயிர்பெற்ற அதே பெங்களூருக்கு! அதற்குப் பின்னும் ஏழாண்டுகள் லிபரேட்டர்கள் பறந்துகொண்டிருந்தன. பழைய விமானமும் புதிய ஆராய்ச்சியும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. படை தனி, தொழிற்சாலை தனி, ஆராய்ச்சி நிலையம் தனி, எல்லாவற்றுக்கும் மேலே கோப்புத் தனி.

லிபரேட்டர் மெதுவாகச் செல்வது, ஒலிவேக எஞ்சினை அதில் வைத்து முழுமையாக அறியமுடியாது என்பது உண்மை. லங்காஸ்டரும் மெதுவாகச் சென்றதுதான். முழுமையாக அறியமுடியாது என்பதற்காகச் சிறிதும் அறியாமலிருப்பது எந்த விவேகத்தில் சேரும்?

இந்த அலட்சியத்துக்கான விலைச்சீட்டு நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. 1989இல், 382.81 கோடி இந்திய ரூபாச் செலவில் சொந்தமான ஜெட் எஞ்சின் ஒன்றைச் செய்வதற்கு டில்லி அனுமதி வழங்கிற்று. அதற்கு இட்ட பெயர் காவிரி. 1996 டிசெம்பருக்குள் முடியவேண்டிய வேலை முடியவில்லை. மதிப்பீடு 2,839 கோடிக்கு ஏறிற்று. 2008இலே, எந்த விமானத்துக்காக அது பிறந்ததோ அந்தத் தேஜஸ் விமானத்திலிருந்து அதனைப் பிரித்துவிட்டனர். இதற்கெல்லாம் பறக்கும் பரிசோதனைக்கூடம் இல்லாமையே ஒரே காரணமென்று கூறுவது அறியாமையாகும். கொதிக்கும் வெப்பத்தைத் தாங்கும் உலோகம், துல்லியமான வார்ப்பு, பயின்ற ஆட்கள் எனக் குறைகள் பலவிருந்தன. எனினும் அக்குறைகள் வெளிப்படவேண்டிய இடமே நாட்டில் இல்லையென்றால், அவை எப்போது நீங்கும்?

2010 நவம்பரிலே காவிரி முதன்முதல் ஆகாயத்தில் ஓடியது. காவிரி ஓடிய ஆகாயம் இந்திய ஆகாயமன்று. மொஸ்கோவுக்கு அருகேயுள்ள குரோமொவ் விமான ஆராய்ச்சி நிலையத்துக்கு அதனைக் கொண்டுசென்று, ருஷ்யரின் இல்யூஷின்-76 சரக்கு விமானத்தின் இறக்கையிலே தொங்கவிட்டுச் சோதித்தனர். ருஷ்ய நண்பர்கள் உதவியதை நாம் குறைகூறவில்லை. நமக்கு உறுத்துவது வேறு: அதே இல்யூஷின்-76 வகை விமானங்கள் 1985ஆம் ஆண்டிலிருந்தே இந்திய விமானப் படையிடம் இருந்தன! லிபரேட்டர் கையிலிருந்தும் பயன்படாத கதைதான் ஒரு தலைமுறை கழித்து மீண்டும் நிகழ்ந்தது. வண்டி வீட்டில் நின்றது. மாட்டை ஓட்டிக்கொண்டு அயலூருக்குப் போனார்கள் பூட்டிப் பார்க்க. தேஜஸுக்கோ அமெரிக்க எஞ்சின். 2021இலே விலைபேசிய 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை உடல்கள் தொழிற்சாலையில் எஞ்சினுக்குக் காத்துக்கிடந்தன.

"எதற்கு இந்த வீண் வேலை? உலகச் சந்தையிலே வாங்கிக்கொள்ளலாமே!" என்று அறிவுரை கூறும் கனவான்கள் எந்த நாட்டிலும் உண்டு, எந்த அரசாங்கத்திலும் உண்டு. வாங்குவதிலே தரகு உண்டு; சோதிப்பதிலே தரகில்லை. இதற்கு மேல் அவர்களுடைய பொருளாதாரத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி, இது இந்தியாவின் பாடு, அச்சுவேலிக்கு இதில் என்ன என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

பிரித்தானியர் இந்தியாவிலே உடைந்த விமானங்களை விட்டுச் சென்றனர். நமக்கோ பலாலியில் ஓடுபாதையை மட்டும் விட்டுச் சென்றனர். 1947 டிசெம்பரிலே எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் இங்கே இறங்கிற்று. பின்னர் யுத்தம் வந்தது. உலகெங்கும் குண்டுவீச்சு விமானம் பரிசோதனைக்கூடமாக மாறிய வரலாற்றைச் சொன்னோம். நம் தலைக்கு மேல் நடந்தது அதற்கு நேர்மாறு. பயணிகளையும் பண்டங்களையும் ஏற்றப் பிறந்த அவ்ரோ விமானங்களும் சீனத்து வை-12 விமானங்களும் 1990இலே குண்டுவீச்சு விமானங்களாக மாற்றப்பட்டன. சகடை என்று பெயரிட்டு மக்கள் அஞ்சிய அந்தக் கனத்த விமானங்கள் பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்டன. அளவெடுக்கும் கருவி ஒன்றைப் பழைய விமானத்தில் பொருத்த முடியாத ஆட்சிகள், புதிய விமானத்தில் குண்டைப் பொருத்துவதற்கு ஒரு நாளும் தாமதித்ததில்லை.

அந்த ஓடுபாதையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990இலே வீடு வாசல் விட்டு ஓடினர். அவர்களுடைய தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2019 ஒக்டோபரிலே பலாலி சர்வதேச விமான நிலையமெனத் திறக்கப்பட்டது. அச்சுவேலிக்கும் பலாலிக்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள் அடைபட்டிருந்த வீதி 2024 நவம்பரில்தான் திறந்தது. எண்பது ஆண்டுகளாக விமான இரைச்சலைக் கேட்டுவரும் மக்கள் நாம். அந்த இரைச்சலுக்காக நிலத்தைக் கொடுத்தோம், உயிரைக் கொடுத்தோம். நம் பிள்ளைகள் உள்ளே நுழைந்து ஓர் எஞ்சினைப் பிரித்து, அளந்து, சோதித்துக் கற்கும் பட்டறை ஒன்றை அது நமக்குத் தந்ததா? தரவில்லை.

நமக்கு ஜெட் விமானம் கட்டித்தா என்று நாம் கேட்கவில்லை. போர் விமானத்தின் நிழல்கூட இந்த மண்ணில் மீண்டும் விழலாகாது என்பதே நம் பிரார்த்தனை. நாம் கேட்பது சோதித்தறியும் உரிமையை. அந்த உரிமை இல்லாத மக்களின் கதி என்ன என்பதற்குச் சுன்னாகமே சாட்சி. 2014, 2015ஆம் ஆண்டுகளில் அங்குள்ள கிணறுகளில், அனல் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கலந்துவிட்டதென்று மக்கள் குமுறினர். ஆறில்லாத குடாநாட்டுக்குக் கிணறுதான் தாய். ஒரு பரிசோதனை எண்ணெய் உண்டு என்றது. இன்னொரு நிபுணர் குழு ஆபத்தில்லை என்றது. வாளியிலே தண்ணீரை வைத்துக்கொண்டு, குடிப்பதா ஊற்றுவதா என்று தெரியாமல் தாய்மார் தவித்தனர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதிக்கும்வரை உண்மை அந்தரத்தில் தொங்கிற்று. நம் கிணற்று நீரை நாமே அளக்கும், நாமே நம்பும் ஒரு பொதுப் பரிசோதனைக்கூடம் அன்று இருந்திருந்தால், அந்தத் தவிப்பு ஐந்தாண்டு நீடித்திருக்குமா? தன் எஞ்சினைச் சோதிக்க மொஸ்கோவுக்குப் போன நாட்டுக்கும், தன் தண்ணீரைப் பற்றிய உண்மைக்காகக் கொழும்பு நீதிமன்றத்தில் காத்திருந்த ஊருக்கும் வேறுபாடு அளவில்தான், நோய் ஒன்றே.

ஆதலின் நம் கோரிக்கையை வெளிப்படையாகவே வைக்கிறோம். யுத்தத்தில் பாழடைந்த அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை 2014இலே இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அதன் சுவர்களுக்குள்ளே பண்டம் செய்யும் கொட்டகைகளோடு, மக்களுக்குச் சொந்தமான பரிசோதனைக்கூடம் ஒன்றும் அமையவேண்டும். ஒரு லீற்றர் எண்ணெய்க்கும் ஓர் அலகு மின்சாரத்துக்கும் எந்த இறைப்பு மெஷின் எவ்வளவு நீர் இறைக்கிறது என்று அங்கே அளக்கப்படவேண்டும். கடைக்காரன் சொல்லை நம்பி மோட்டார் வாங்கும் கமக்காரனுக்கு அந்த அளவு அச்சிட்டுக் கொடுக்கப்படவேண்டும். கிணற்று நீரும் தோட்டத்து மண்ணும் அங்கே சோதிக்கப்பட்டு, முடிவு சந்தியிலே ஒட்டப்படவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீட மாணவர்கள், அச்சுவேலிப் பட்டறைத் தொழிலாளரோடு ஒரே மேசையில் நின்று வேலைசெய்யவேண்டும். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கைகள் இன்றும் நம்மிடையே உள்ளன. அக்கைகள் அறிந்ததை எவரும் அளந்து எழுதிவைக்கவில்லை. எழுதாத அறிவு அவர்களோடு மண்ணுக்குப் போய்விடும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டுமென்று எவரும் சாக்குச் சொல்லவேண்டாம். பறக்கும் பரிசோதனைக்கூடங்கள் பெரும்பாலும் கழிவு விமானங்களிலிருந்தே பிறந்தன. கழித்துப் போட்டதை எடுத்து, இனி இது எதை அறிய உதவும் என்று கேட்ட மனப்பான்மையே அவற்றின் முதல். அந்த மனப்பான்மைக்கு இறக்குமதித் தீர்வையில்லை.

பெங்களூர்த் தொழிலாளர் கான்பூர்க் குப்பையிலிருந்து விமானங்களை எழுப்பினர். அவர்களை நாம் வணங்குகிறோம். அவர்கள் எழுப்பிய விமானங்களைக் கொண்டு நாளைய எஞ்சினைச் சோதிக்க மறுத்த ஆட்சியாளரை நாம் குற்றம் சாட்டுகிறோம். அக்குற்றத்தையே இங்கும் செய்ய எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம்: எங்கள் கைத்திறனைப் புகழ்ந்து மாலை சூட்டிவிட்டு, அளவுகோலை மட்டும் உங்கள் பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்று எண்ணாதீர்கள். மாலை வாடிவிடும். அளவுகோலை எங்கள் கையிலே கொடுங்கள்.